பின்சீட்டிலிருந்து மூன்று குரூசர்கள்

புது வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். வண்டி கிளம்பி, கியர் மாறி, சாலை நேரான பிறகுதான் திறப்பாள். பார்ப்பவர்கள் பயம் என்று நினைத்துக்கொள்வார்கள். பயமெல்லாம் ஒன்றுமில்லை. குரோம் பூச்சும் பெட்ரோல் டேங்கின் பளபளப்பும் கண்ணில் பட்டுவிட்டால் முதுகு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பது அவள் கட்சி. அழகான வண்டியில் வலி கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியவரும். அந்தத் தாமதத்துக்குத்தான் ஜனங்கள் ஆசைப்படுகிறார்கள் என்பாள்.

மோட்டார் சைக்கிள் பத்திரிகை ஒன்றில் மாதாமாதம் அவளுக்கு அரைப் பக்கம். பகுதியின் பெயரே ‘பின்சீட்டு’. அவள் கணவர் அதே பத்திரிகையில் வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர். எஞ்சின், கியர், வளைவில் வண்டி சாயும் விதம் என்று அவர் மூன்று பக்கம் எழுதுவார். அதன் கடைசியில், பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கு அந்த வண்டி என்ன செய்யும் என்று அவள் எழுதுவாள்.

அது ஆரம்பித்ததே ஒரு வாய்த்துடுக்கால். கல்யாணமான புதிதில், அவர் சோதனைக்குக் கொண்டுவரும் வண்டிகளில் சும்மா கூடப் போய்வருவாள். ஒருநாள் பத்திரிகை ஆசிரியர் இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நெடுந்தூரம் போகவென்று செய்த ஒரு பெரிய குரூசர் வண்டியை இருவரும் வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். சோபாவில் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கிறது என்றார் கணவர். தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள், “சோபாதான் சார். ஆனா ஒருத்தர் உக்கார்ற சோபா. பின்னாடி வர்றவங்களுக்கு அதோட கைப்பிடிதான்” என்றாள். ஆசிரியர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த இதழிலிருந்து அரைப் பக்கம் அவளுடையதாயிற்று. வீட்டில் சண்டை வராமல் குரூசர் வாங்க நினைக்கும் ஆண்கள், கணவரின் மூன்று பக்கத்தையும் தாண்டி அந்த அரைப் பக்கத்துக்குத்தான் முதலில் போனார்கள். மகள் அதைச் சொல்லியே இருவரையும் வம்புக்கு இழுப்பாள். அப்பா எழுத மூளை வேண்டும், அம்மா எழுத இடுப்பு போதும் என்பாள்.

“மூளை சமாதானமாயிடும்டி. இடுப்பு ஆகாது” என்பாள் இவள்.

சௌகரியம் என்று தனியாக ஒன்று கிடையாது, வலி இன்னும் வந்து சேராத நேரத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. நல்ல இருக்கையைப் பற்றி எழுத எதுவுமே இருக்காது. உட்கார்ந்திருப்பதே மறந்துபோகும், அவ்வளவுதான். அதனால் பாராட்டுவது அவளுக்குக் கைவரவில்லை. குறை சொல்ல வரும். முதலில் எது நோகிறது என்று சொல்வாள். வால் எலும்பா, முழங்கால் மடிப்பா, முன்னால் இருப்பவர் மேல் சரியாமல் இருக்க இழுத்துப் பிடித்த தொடையா என்று பிரித்துச் சொல்வாள்.

அவர்கள் வேலையில் ஒரு விதி இருந்தது. கணவர் வைத்த விதி. அவள் அவர் பின்னால் மட்டும்தான் உட்காருவாள். வேறு யார் ஓட்டினாலும் ஏறமாட்டாள். ஓட்டுகிற ஆள் மாறிவிட்டால், உடம்பில் படுவது வண்டியின் குணமா ஆளின் குணமா என்று பிரிக்க முடியாது என்று அவர் விளக்கியிருந்தார். ஆள் ஒருவரே என்றால் மாறுவதெல்லாம் வண்டிதான். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. அத்தனை வருஷமும் அவர்கள் அதை மீறியதில்லை.

இந்த வருஷம் குளிர் ஆரம்பித்ததிலிருந்து அவளுடைய அரைப் பக்கத்தில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது. முன் பிரேக் கடிக்கிறது. மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் சட்டென்று கவ்வுகிறது. பின்னால் இருப்பவர் முன்னால் போய் விழுகிறார். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதிக்கொள்கின்றன. முதலில் ஒரு வண்டிக்கு அப்படி எழுதினாள். அடுத்த மாதம் இன்னொன்றுக்கு. மூன்றாவதாக அவள் குறை சொன்ன பெரிய குரூசரின் கம்பெனிக்காரர்கள் மரியாதையாக ஆள் அனுப்பினார்கள். பிரேக்கை முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டதாகவும், குறை ஒன்றும் அகப்படவில்லை என்றும், இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க முடியுமா என்றும் கேட்டார்கள். ஆசிரியர் யோசித்தார். அந்த வண்டியோடு இன்னும் இரண்டைச் சேர்த்து, மலைச் சாலையில் ஒரு ஒப்பீடாகவே போட்டுவிடலாம் என்றார்.

ஆகவே ஒரு காலையில் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன லாரியிலிருந்து மூன்று குரூசர்கள் இறங்கின. லாரியை ஓட்டி வந்தவன் அவளுடைய தம்பி. பத்திரிகைக்கு அவன்தான் மெக்கானிக். ஆசிரியர் கழுத்தில் கேமராவோடு முன்சீட்டில் வந்திருந்தார். முன்பக்கம் இரண்டு வரிசை இருக்கை உள்ள லாரி.

வண்டிகளுக்கு வழக்கம்போல் தம்பி பெயர் வைத்தான். கம்பெனிக்காரர்கள் திரும்பப் பார்க்கச் சொன்ன பெரியது யானை. அகலமான ஹேண்டில், தாழ்ந்த இருக்கை, இரண்டு சிலிண்டரும் ஆறஅமர இடிக்கும் சத்தம். இரண்டாவதற்கு மாமியார் என்று பெயர். தொட்டால் மெத்தென்று அமுங்கும் இருக்கை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் உள்ளே பலகை இருப்பது தெரியும். மூன்றாவது ஊமை. ஓடுகிறதா நிற்கிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டிய எஞ்சின்.

“மாமா, மாமியார்கிட்ட ஜாக்கிரதை. சிரிச்சுக்கிட்டே இடுப்பை உடைக்கும்” என்றான் தம்பி.

“எனக்குப் பழக்கம்தான்டா. உங்கம்மாவைப் பார்த்தவன் நான்” என்றார் அவர். அன்று காலை எல்லோரும் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

மலை மேல் ஒரு வளைவில் டீக்கடை இருந்தது. அதுவரை ஏறுவது, இறங்குவது. ஒவ்வொரு வண்டிக்கும் அப்படி. மாமியாரில் போனார்கள். இருக்கையைப் பற்றி அவள் நினைத்தது சரியாகவே இருந்தது. ஏறும்போது மெத்தை, இறங்கும்போது பலகை. அதோடு முன் பிரேக்கும் கடித்தது. அடுத்து ஊமை. அதிர்வே இல்லை. கால் வைக்கும் இடம் சரியான உயரத்தில் இருந்ததால் முழங்காலும் சும்மா இருந்தது. குறை சொல்ல எதுவும் கிடைக்காமல் அவள் கொஞ்சம் எரிச்சல்கூடப் பட்டாள். இறக்கத்தில் ஒரு வளைவில் எதிரே ஒரு வேன் நடுச்சாலையில் வந்தது. அவர் பிரேக் பிடித்தார். முன்சக்கரம் கவ்வி, பின்சக்கரம் வழுக்கி, சாலையோரத் தடுப்புக் கல் அவள் முழங்காலை உரசுகிற தூரத்துக்கு வந்துபோனது. வண்டி நேரானதும் அவர், “பாத்தியா, இதுலயும் அதே கதைதான்” என்றார்.

மூன்று வெவ்வேறு கம்பெனி, மூன்று வெவ்வேறு நாட்டில் செய்த பிரேக். எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி எப்படி வரும் என்ற கேள்வி அவளுக்கு அங்கேதான் முதலில் வந்தது. வந்ததும் அதை ஒதுக்கப் பார்த்தாள். அடிவாரத்தில் இறங்கியபோது வேறெதையும்விட ஒன்றைத்தான் அவள் வேண்டிக்கொண்டாள். தப்பு வண்டியில் இருக்கட்டும்.

தம்பி மாமியாரையும் ஊமையையும் லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வந்து சேர்ந்தான். யானையில் அவளும் கணவரும் ஏறி வந்தார்கள். ஏற்றத்தில் பிரேக்குக்கு அவ்வளவாக வேலையில்லை. இறக்கம் ஒன்றுதான் பாக்கி. வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே கணவரை வண்டியோடு தனியாக நிற்கவைத்துப் படம் எடுத்துவிட வேண்டும் என்றார் ஆசிரியர். எடுத்து முடித்து, கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குக் கம்பெனிக்காரர்கள் கேட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. தம்பியிடம், அக்காவைப் பின்னால் வைத்துக்கொண்டு அடுத்த வளைவு வரை ஒரு தடவை போய் வந்துவிடு, பாரத்தோடு பிரேக் எப்படி என்று நீயும் ஒரு வார்த்தை சொன்னால் அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும் என்றார். கணவர் விதியை எடுத்துச் சொன்னார். கொஞ்சம் உரக்கவே சொன்னார். ஆசிரியர் கையை விரித்தார். எழுதப்போவதில்லை, சும்மா பார்க்கத்தான் என்றார்.

தம்பியின் பின்னால் ஏறியதும் அவள் கண்ணை மூடவில்லை. யானையின் பின்சீட்டு அகலம் குறைந்தது, முன்பக்கம் சரிந்தது, தொடைக்கு வேலை வைப்பது. அதெல்லாம் அவளுக்குத் தெரியும். இறக்கத்தில் தம்பி முன் பிரேக்கைப் பிடித்தான். வண்டி கனமாக, பொறுமையாக, யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுப்பதுபோல வேகம் குறைந்தது. அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

“இன்னொரு தடவை பிடி.”

பிடித்தான்.

“இன்னும் அழுத்தி.”

அழுத்திப் பிடித்தான். தலை லேசாக முன்னால் போய்த் திரும்பியது. மோதவில்லை.

தம்பி ஓரமாக நிறுத்தினான். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். “பிரேக் லிவரைப் பார்த்துட்டேன்க்கா. ஆயிலை மாத்திட்டேன். டிஸ்கையும் கழட்டிப் பார்த்துட்டேன். போன வண்டிக்கும் அப்படித்தான், அதுக்கு முந்தின வண்டிக்கும் அப்படித்தான். பார்க்காதது ஒண்ணுதான் பாக்கி. அதை நான் எப்படிக் கேக்கறது?”

திரும்பி வரும்போது அவளுக்கு வந்தது கோபம் இல்லை. ஒருவித வெட்கம். அளப்பதற்கு எது மாறாதது என்று நினைத்தார்களோ, அதை மட்டும் அவர்கள் ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. அவர் முதுகை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். எரிச்சலில் எந்தத் தோள் உயரும், தூக்கம் வரும்போது கழுத்து எப்படி இறங்கும் என்பதெல்லாம் தெரியும். அந்த முதுகுக்கு முன்னால் இரண்டு கைகள் இருந்தன.

அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் கண்ணாடி கிளாஸ். ஆசிரியர் லாரியருகே போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கடைக்காரர் அப்போதுதான் ஊற்றிக் கொடுத்த டீ, ஆவி பறந்தது. மற்றவர்கள் விளிம்பைப் பிடித்து, விரல் மாற்றி மாற்றிக் குடிக்கிற கிளாசை அவர் நடுவில் கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் பிடித்து அசையாமல் வைத்திருந்தார். அவள் கிளாசைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

“சுடலையா உங்களுக்கு?”

அவர் குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு கிளாசை இடது கைக்கு மாற்றினார். மாற்றியது தப்பு என்று அவருக்கே தெரிந்துபோயிற்று.

அதன் பிறகு அவர் மறைக்கவில்லை. குளிர் ஆரம்பித்தபோது வந்தது என்றார். முதலில் விரல் நுனி மரத்துப்போகும், உதறினால் சரியாகும். இப்போது உதறினாலும் சரியாவதில்லை. லிவரில் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரிவதில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று வண்டி நின்ற பிறகுதான் தெரிகிறது. அச்சகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருநாள் டாக்டரிடம் போனாராம். மணிக்கட்டில் நரம்பு அமுங்கியிருக்கிறது, ஓட்டுவதை உடனே நிறுத்த வேண்டும், பிறகு கத்தி வைத்துப் பார்க்கலாம், உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அத்தனை வருஷம் ஹேண்டிலைப் பிடித்த கை, மரத்துப்போகத்தானே செய்யும் என்று அவர் டாக்டரையே சமாதானம் செய்துவிட்டு வந்திருக்கிறார்.

“நான் மாசாமாசம் பிரேக்கைத் திட்டி எழுதினேன்” என்றாள் அவள். “நீங்க அதைப் படிச்சு, பிழை திருத்தி அனுப்புனீங்க.”

“உன் பேர்ல வந்தா யாரும் என்னைச் சந்தேக...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அவள் கிளாசை அவர் கையிலிருந்து வாங்கிப் பெஞ்சில் வைத்தாள்.

பிறகு கெஞ்சலும் கணக்கும் கலந்து பேசினார். ஓட்டவில்லையென்றால் ஆபீஸில் நாற்காலி போட்டு, மற்றவர்கள் எழுதியதற்குக் கமா போடச் சொல்வார்கள். நான் என்ன ஆள் என்று உனக்குத் தெரியாதா என்றார். இந்த இதழ் முடியட்டும், நானே சொல்லிவிடுகிறேன், இறக்கம் ஒன்றுதான் பாக்கி, கால் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே இறங்கிவிடுவேன் என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு யானையில் ஏறி, பின்சீட்டைத் தட்டினார்.

“ஏறு.”

“நான் ஏறல.”

“காலி சீட்டைப் பத்தி என்ன எழுதுவே?” சிரிக்கப் பார்த்தார்.

“நீங்களும் போகாதீங்க. சாவியை தம்பிகிட்ட குடுங்க.”

அவர் வண்டியைக் கிளப்பினார். அவள் ஏறாததைக் கண்டு ஆசிரியர் போனை மூடிவிட்டு வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார். அவள் சாலையைத்தான் பார்த்தாள். அதற்குள் யானை வளைவில் மறைந்துவிட்டது. தம்பி லாரியைக் கிளப்பி வைத்திருந்தான். ஆசிரியர் முன்னால் ஏற, அவள் பின்வரிசையில் ஏறிக்கொண்டாள்.

பின்னால் உட்காராமல், அவர் ஓட்டுவதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சிவப்பு பிரேக் விளக்கு எரிந்துகொண்டே போனது. வளைவுக்கு வெகு முன்னாலேயே எரிந்தது, வளைவிலும் எரிந்தது, வளைவு முடிந்தும் அணையவில்லை. ஏறாமல் இருந்தது சரிதானா என்று அவள் யோசித்தாள். பின்னால் ஒருத்தி இருந்தால் மெதுவாகப் போவார். தனியாக இருப்பதால் ரோஷத்தில் போகிறாரோ. தன் உயிரை இறக்கிவைத்துவிட்டு அவர் உயிரை மட்டும் சாலையில் விட்டுவிட்டதுபோல் இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் அவர் பிழைப்பு போகும், திறக்காவிட்டால் அவர் போவார். இரண்டையும் எடைபோட அவகாசம் இல்லை. இருந்தும் மனம் எடைபோட்டுக்கொண்டிருந்தது.

செங்குத்தாக இறங்கும் ஒரு வளைவில் கால் பிரேக் போதவில்லை. யானையின் முன்பக்கம் குத்திட்டு அமுங்கியது. பின்சக்கரம் பக்கவாட்டில் போய், மண்ணைக் கிளப்பி, திரும்பச் சாலைக்கு வந்தது. தம்பி வாய்க்குள், “மாமா, மாமா” என்றான்.

ஆசிரியர் முன்சீட்டில் கேமராவை மடியில் இறக்கினார். “மேடம் எழுதினது சரிதான் போல. இந்த வண்டிக்கு பிரேக் சரியில்ல. இந்தத் தடவை கொஞ்சம் கடுமையாவே போட்டுடலாம்.”

“வண்டில ஒண்ணும் இல்ல சார்” என்றாள் அவள். குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது. “போன மாசமும் இல்ல, அதுக்கு முந்தியும் இல்ல. அவர் ரெண்டு விரல்ல உணர்ச்சி இல்ல. நான் தப்பா எழுதிட்டேன். அவரை நிறுத்தச் சொல்லுங்க.”

ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். அதற்குள் தம்பி ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தான். அடுத்த வளைவு தாண்டி, சரளை கொட்டிய ஓரத்தில் யானை நின்றது. லாரியும் பின்னால் போய் நின்றது.

ஆசிரியர் இறங்கினார். கணவர் அவரைப் பார்க்கவில்லை. லாரிக்குள் இருந்தவளைத்தான் பார்த்தார்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

எஞ்சினை அணைத்தார். தாடைக்கு அடியில் ஹெல்மெட் வாரின் கொக்கியைக் கழற்ற வலது கையைக் கொண்டுபோனார். விரல்கள் அதைத் தேடின. அவள் இறங்கி வந்து கையை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு இடது கையால் முயன்றார். பழக்கமில்லாத கை, நேரமாயிற்று. ஆசிரியர் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி, தேவையே இல்லாமல், லாரியின் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கொக்கி கடைசியில் கழன்றது.

யானையைப் பலகை போட்டு லாரியில் ஏற்றினார்கள். அவரைத் தள்ளவிடவில்லை. ஆசிரியர் பரிவாகத்தான் பேசினார். கையைப் பாருங்கள் முதலில், மற்றதெல்லாம் அப்புறம் என்றார். கம்பெனிக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது, வந்துவிட்ட மூன்று இதழுக்கு என்ன செய்வது என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. ஆனால் அவர் அதைத்தான் யோசிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

கணவர் பின்வரிசையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடுவில் ஹெல்மெட்டை வைத்தார். லாரி இறங்கத் தொடங்கியது. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. முழங்காலின் மேல் கிடந்த கை, இல்லாத லிவரை இழுத்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் உடனே மடங்கின. மற்ற இரண்டும் நீட்டியபடியே இருந்து, வளைவு முடிந்த பிறகு மெதுவாக மடங்கின.

அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பிடித்தால் தட்டிவிடுவாரா என்று தெரியவில்லை. எந்த இடத்தில் பிடித்தால் அவருக்குத் தெரியும் என்பதும் தெரியவில்லை.